பந்து கையில் இல்லாத 36 நிமிடம்

கேள்வி இதுதான். சேலத்தில் இருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். ஒரு வருடமாகத் தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம் பாஸ்கெட்பால். அடுத்த வருடம் பத்தாவது என்பதால் நிறுத்திவிடலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. "உயரமாவாள், டீம் ஸ்பிரிட் வரும் என்றெல்லாம் சொல்கிறார்கள். உண்மையில் வாழ்க்கைக்கு என்ன கிடைக்கும்? ஆடியவர்கள் யாராவது சொல்லுங்கள்" என்கிறார்.

ஆடியவள் என்ற உரிமையில் சொல்கிறேன். 1994 முதல் 98 வரை பள்ளி அணியில் ஆடினேன், அப்புறம் கல்லூரியில் இரண்டு வருடம். மாநில அளவுக்குப் போனது ஒரே ஒரு முறை, முதல் சுற்றிலேயே பெட்டியைக் கட்டிவிட்டோம். இப்போது ஒரு ஜவ்வரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். சனி, ஞாயிறு காலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பெரிய வீராங்கனையின் அனுபவம் வேண்டுமென்றால் சென்னையிலிருந்து போய் இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, 2021-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை இருக்கிறார். நான் சுமாராக ஆடி, சுமாரான வேலைக்குப் போனவள். உங்கள் மகளும் பெரும்பாலும் என் மாதிரிதான் ஆவாள் என்பதால் என் கணக்கு உங்களுக்குக் கொஞ்சம் பயன்படலாம்.

உயரத்தை முதலில் முடித்துவிடுவோம். குதித்தால் வளர்வார்கள் என்று நம்பிப் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் என்னிடமே நிறையப் பேர். உயரம் பெரும்பாலும் அப்பா அம்மாவிடமிருந்து வருவது, மீதி சாப்பாடும் தூக்கமும். ஆட்டக்காரர்கள் நெட்டையாக இருப்பது நெட்டையானவர்களைத் தேடிப் பிடித்து ஆட வைப்பதால். மக்சி போக்ஸ் என்று ஒருவர் 160 சென்டிமீட்டர் உயரத்தோடு அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்பிஏவில் 14 சீசன் ஆடினார். ஆடி ஆடி அவரும் வளரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஆட்டம் 40 நிமிடம். (எங்கள் காலத்தில் 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி. 2000-இல் விதி மாறிய பிறகுதான் 10 நிமிடம் வீதம் நான்கு.) கோர்ட்டில் பத்துப் பேர், பந்து ஒன்று. சரிசமமாகப் பங்கு போட்டால் ஆளுக்கு 4 நிமிடம். பந்து காற்றில் பறக்கிற நேரத்தைக் கழித்தால் அதுவும் தேறாது. முதல் நாள் எங்கள் மாஸ்டர் இந்தக் கணக்கைக் கரித்துண்டால் சிமெண்ட் தரையிலேயே எழுதிக் காட்டிவிட்டு, "மிச்சம் 36 நிமிசம் என்ன புள்ள பண்ணப் போற?" என்று கேட்டார். நான் சிரித்தேன். பந்து வரும்வரை காத்திருப்பேன், வேறென்ன என்று நினைத்தேன். இந்த விளையாட்டு எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் முக்கால்வாசி அந்த 36 நிமிடத்தில்தான் இருக்கிறது.

முதல் ஒரு மாதம் டிரிபிள் செய்யவே, அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடவே, அவர் விடவில்லை. பிடி, பார், கொடு, ஓடு, அவ்வளவுதான். கொடுமையாக இருந்தது. பக்கத்துக் கோர்ட்டில் பையன்கள் காலுக்கு நடுவே எல்லாம் பந்தை விட்டு வித்தை காட்டுவார்கள், நாங்கள் சுவரில் அடித்த பந்து மாதிரி அங்கும் இங்கும் கொடுத்து வாங்கிக்கொண்டிருப்போம். பிற்பாடுதான் தெரிந்தது, அவர் சொல்லிக்கொடுத்தது இந்த ஆட்டம் பிறந்தபோது இருந்த வடிவம் என்று. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், குளிரில் வெளியே போக முடியாமல் அடைந்துகிடந்து சேட்டை செய்த இளைஞர்களுக்காக ஜேம்ஸ் நைஸ்மித் என்ற கனடாக்காரர் உருவாக்கியது இது. பீச் பழக்கூடை இரண்டை மாடிக் கைப்பிடியில் அடித்து மாட்டினார். அந்தக் கைப்பிடி 10 அடி உயரத்தில் இருந்தது, அதனால்தான் இன்றைக்கும் ரிங் 10 அடியில் இருக்கிறது. அவர் எழுதிய 13 விதிகளில் ஒன்று, பந்தை வைத்துக்கொண்டு ஓடக் கூடாது என்பது. பிடித்த இடத்திலிருந்தே எறிந்துவிட வேண்டும். டிரிபிள் எல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்டது.

என் அப்பா அம்மாபேட்டையில் வெண்பட்டு வேட்டி நெய்தவர். தறியில் உட்கார்ந்திருப்பவர் அப்பா. வேட்டி நன்றாக வந்தால் பெயர் அவருக்கு. திண்ணையில் ராட்டையை வைத்துக்கொண்டு, தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கும் நூல்குழலான தார் சுற்றிக்கொண்டே இருப்பது அம்மா. தார் தீர்ந்தால் நாடா ஓடாது, தறி நின்றுவிடும். ஆனால் "அவங்க வீட்டுக்காரம்மா நல்லா தார் சுத்துவாங்க" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இது எனக்குக் கண்ணில் பட்டதே பாஸ்கெட்பாலால்தான். மாஸ்டர் ஒரு பழக்கம் வைத்திருந்தார். கூடை போட்டவள் கையைத் தூக்கிக் குதிக்கக் கூடாது, பாஸ் கொடுத்தவளைப் பார்த்து விரல் நீட்டிக் காட்ட வேண்டும். அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் டீன் ஸ்மித் பரப்பிய வழக்கம் அது. எங்கள் மாஸ்டருக்கு யார் சொன்னார்களோ, ஆனால் கண்டிப்பாக அமல்படுத்தினார். காட்டாவிட்டால் கோர்ட்டைச் சுற்றி மூன்று ரவுண்டு. அப்படிப் பழகிப்போய், ஒரு சனிக்கிழமை அப்பா கூலி வாங்கிக்கொண்டு வந்து பணத்தை சாமி படத்துக்கு முன்னால் வைத்தபோது என் விரல் தானாக அம்மா பக்கம் நீண்டது. "என்னடி கையக் காட்டற, கழுதை" என்று அம்மா அதட்டினாள். அப்பா மட்டும் ஏதோ புரிந்த மாதிரி ஒரு நிமிடம் அம்மாவைப் பார்த்தார். அப்புறம் காபி கேட்டார்.

ஸ்க்ரீன் என்று ஒன்று உண்டு. உங்கள் அணிப் பெண் தப்பி ஓடுவதற்காக, அவளைத் துரத்தி வருகிறவளின் வழியில் நீங்கள் தூண் மாதிரி நிற்பது. அசைந்தால் ஃபவுல். மோதலை வாங்கிக்கொள்வது நீங்கள், பந்தை வாங்கிக் கூடையில் போடுவது அவள். ஸ்கோர்ஷீட்டில் உங்கள் பெயரே இருக்காது. ஆலையில் மார்ச் கணக்கு முடிக்கும் வாரத்தில், புதிதாகச் சேர்ந்த பெண் நிம்மதியாக உட்கார்ந்து சரக்கு இருப்பைச் சரிபார்க்கட்டும் என்று வருகிற ஃபோனையெல்லாம் நான் எடுத்துவிடுவேன். அக்கா ரொம்ப ஃபோன் பேசுகிறாள் என்று அவள் யாரிடமோ சொன்னதாகக் கேள்வி. பரவாயில்லை, ஸ்க்ரீன் போடுவது பல நேரம் யாருக்காகப் போடுகிறோமோ அவளுக்கே தெரியாது.

இப்போது ஏற்காடு ஆட்டம். இதைச் சொல்லாமல் என்னால் முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1996 டிசம்பர். மலை மேல் இருக்கும் ஒரு பள்ளியோடு நட்பு ஆட்டம். அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவு. பாதி வளைவுக்குள்ளேயே எங்கள் அணியின் நெட்டைப் பெண், சென்டர் ஆடுகிறவள், எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்காமல் ஜன்னலோரம் சாய்ந்துவிட்டாள். சேலம் ஊர் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர்கூட இல்லை, மேலே 1,500 மீட்டர். இறங்கியவுடன் காது அடைத்தது, பல் கிட்டியது. எங்களிடம் ஸ்வெட்டர் கிடையாது. சேலத்துக்காரிக்கு எதற்கு ஸ்வெட்டர்? கோர்ட்டைச் சுற்றி சில்வர் ஓக் மரங்கள், அதற்குப் பின்னால் காபித் தோட்டம்.

முதல் பாதி சமாளித்தோம். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மரங்களுக்கு நடுவிலிருந்து பனிமூட்டம் இறங்கியது. முதலில் தூரத்து ரிங் மங்கியது. அப்புறம் ரிங்கே இல்லை. அப்புறம் பாதிக் கோர்ட்டு இல்லை. நடுவர் நிறுத்தலாமா என்று கேட்டார். மலைப் பள்ளிப் பெண்கள் சிரித்தார்கள், அவர்களுக்கு இது தினப்படி. எங்கள் மாஸ்டரும் வீம்புக்கு "ஆடட்டும் சார்" என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பெண்கள் பேசிக்கொண்டே ஆடினார்கள். பேச்சென்றால் அரட்டை கிடையாது. "வலது வலது", "பின்னால ஆள்", "நான் ரிங் கிட்ட", "ஸ்க்ரீன் வருது" என்று ஓயாத சத்தம். வெள்ளைக்குள்ளிருந்து ஒரு குரல் கூப்பிடும், இன்னொரு பக்கத்திலிருந்து பந்து அந்தக் குரலுக்குச் சரியாகப் போய்ச் சேரும். நாங்கள் ஐந்து பேரும் ஊமை. அம்மாபேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டைப் பெண்கள். பொம்பளைப் பிள்ளை குரல் வாசல் தாண்டக் கூடாது என்று அப்பாயிகளிடம் பாடம் கேட்டு வளர்ந்தவர்கள். பந்து கையில் இருந்தவளுக்கு யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. தெரியாத திசையில் விட்டோம், பனிக்குள்ளிருந்து யாரோ ஒருத்தியின் கை வந்து எடுத்துக்கொண்டு போனது.

டைம் அவுட்டில் மாஸ்டர் திட்டுவார் என்று நினைத்தோம். "வாயைத் திறங்க" என்று மட்டும் சொன்னார். ஒருத்தி, "என்னன்னு கத்தறது சார்?" என்றாள். அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பந்து எங்கன்னு கத்தாத, அது வச்சிருக்கறவளுக்குத் தெரியும். நீ எங்கன்னு கத்து."

முதலில் கத்தியது நான்தான் என்று பெருமையாகச் சொல்ல ஆசை. கத்தியது அந்த எலுமிச்சம்பழக்காரி. "போர்டு கீழ!" என்று அவள் போட்ட சத்தத்தில் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. பந்து போனது, கூடை விழுந்தது. அதற்கப்புறம் எங்களை நிறுத்த முடியவில்லை. 11 புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். தொண்டை கட்டிப்போய் பஸ்ஸில் இறங்கி வந்தோம்.

இரண்டு வருடம் கழித்து ஒரு ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் இங்கும் அங்கும் ஓடுகிறார்கள், ஒருவர் போன இடத்துக்கே மூன்று பேர் போகிறார்கள், மருந்துச் சீட்டு யார் கையில் என்று யாருக்கும் தெரியவில்லை. செல்ஃபோன் இல்லாத காலம். நான் படிக்கட்டில் நின்று சத்தமாகச் சொன்னேன்: "நான் மருந்துக் கடையில இருப்பேன். அண்ணன் பணம் கட்டற இடத்துல. பெரியப்பா வாசல்ல. அம்மா அப்பாகிட்ட." ஒரு நர்ஸ் முறைத்தார். ஆனால் அதற்குப் பிறகு எல்லோரும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தார்கள். அப்பா அடுத்த தைக்கு மறுபடி தறியில் உட்கார்ந்தார்.

தவறுகளைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்லிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். தொழில்முறை அணிகளே இரண்டு ஷாட்டுக்கு ஒன்றைத் தவறவிடுகின்றன. இந்த விளையாட்டில் தவறு என்பது தினச்செலவு. மாவட்டப் போட்டி ஒன்றில் யாருமே எதிரில் இல்லாத லே-அப்பை, ரிங் பக்கத்திலேயே ஓடிப்போய்ப் போடும் சுலபமான ஷாட்டை, தவறவிட்டுத் தலையில் கைவைத்து நின்றேன். நான் நின்ற நேரத்தில் அந்தப் பெண்கள் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி மறுமுனையில் போட்டுவிட்டார்கள். "தவற விட்டதுக்கு நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். தலையில கை வச்ச பாரு, அதுக்குத்தான் ரவுண்டு" என்றார் மாஸ்டர். பத்தாவது கணக்குப் பரீட்சையில் முதல் பெரிய கணக்கே வராமல் போனபோது என் கை தலைக்குப் போகாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பியது. இவ்வளவுதான் இதில் சொல்ல இருக்கிறது.

குதிப்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நான் அடிபட்டவள்.

பந்தைப் பிடித்து நிற்கிறீர்கள், எதிராளி நெருக்குகிறாள். பதற்றத்தில் பந்தோடு மேலே குதித்துவிடுகிறீர்கள். இப்போது தரைக்கு வருவதற்குள் பந்தைக் கைவிட்டாக வேண்டும், பந்தோடு இறங்கினால் டிராவலிங் என்ற விதிமீறல். நீங்கள் காற்றில் இருப்பதைப் பார்த்த நொடியே எதிரணிக்குத் தெரிந்துவிடும், இவள் இப்போது எதையாவது எறிந்தே ஆக வேண்டும் என்று. அவர்கள் வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்பார்கள், நீங்கள் அதிலேயே கொண்டுபோய்ப் போடுவீர்கள். "யோசிச்சுட்டுக் குதி, குதிச்சுட்டு யோசிக்காத" என்று மாஸ்டர் நூறு முறை சொல்லியிருப்பார்.

2006-இல் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வேறொருவர் செய்த தப்புக்கு எல்லோர் முன்னாலும் என்னைப் பேசினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு டிபன் பாக்ஸோடு வெளியே வந்துவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது ரொம்பக் கம்பீரமாக இருந்தது. ஏழு மாதம் வேலை கிடைக்கவில்லை. கடைசியில் பழைய சம்பளத்தைவிடக் குறைவாக, பிடிக்காத ஓர் இடத்தில் சேர்ந்தேன். காற்றிலிருந்து எறிந்த பந்து அது. நான் கஷ்டத்தில் இருக்கிறேன் என்று அந்த முதலாளிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, அதற்குத் தகுந்த மாதிரிதான் சம்பளம் பேசினார்.

குதிப்பதற்குப் பதிலாக என்ன செய்வது? பிவட். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு மற்றக் காலை எந்தப் பக்கமும் எடுத்து வைத்துத் திரும்பலாம். ஊன்றிய கால் எழும்பாதவரை சுற்றிலும் 360 டிகிரியும் உங்களுக்குச் சொந்தம். முதுகைக் காட்டி நிற்கலாம், மறுபக்கம் பார்க்கலாம், யாராவது கை காட்டுகிறார்களா என்று தேடலாம். ஆனால் நெருங்கிக் காவல் நிற்கும்போது 5 விநாடிதான் கணக்கு, அதற்குள் பந்தை விட்டாக வேண்டும். அதனால் பிவட் என்ற பெயரில் காலம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கவும் முடியாது. இதையும் நான் செய்து பார்த்திருக்கிறேன்.

அந்தப் பிடிக்காத வேலையில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு சாயங்காலத்தில் டேலி என்ற கணக்கு மென்பொருள் படித்தேன், அப்புறம் வரிக் கணக்குத் தாக்கல் செய்யப் பழகினேன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. ஊரில் பாதிக் கடைக்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் எனக்கு நாலு எழுத்து தெரிந்திருந்தது. ஜவ்வரிசி ஆலையில் கேட்டார்கள், சம்பளமும் பேசி முடித்த பிறகுதான் பழைய இடத்தில் காலை எடுத்தேன். அங்கே வழியனுப்பு விழாகூட வைத்தார்கள். கேக் நன்றாக இல்லை.

அடுத்தது, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற விவகாரம். உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு இருக்கும் என்று நினைக்கிறேன், கேள்வியில் எழுதவில்லை என்றாலும்.

வில்ட் சேம்பர்லேன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தார். இன்றுவரை என்பிஏவில் யாரும் அதைத் தொட்டதில்லை. அவர் ஃப்ரீ த்ரோவில், அதாவது ஃபவுலுக்காக யாரும் தடுக்காமல் போடக் கிடைக்கும் ஷாட்டில், படுமோசம், வாழ்நாள் கணக்கில் இரண்டுக்கு ஒன்றுதான் விழுந்தது. ஆனால் அந்த ராத்திரி 32-இல் 28 போட்டார். காரணம், அந்த சீசனில் அவர் இரண்டு கையாலும் பந்தைத் தொடைக்கு நடுவிலிருந்து மேலே தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார், சின்னப் பிள்ளைகள் போடுகிற மாதிரி. அந்த முறையில் அவருக்கு நன்றாகவே விழுந்தது. அப்புறம் விட்டுவிட்டார். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்ற கூச்சம்தான் காரணம் என்று அவரே பின்னால் ஒத்துக்கொண்டார். ஏழடி உயரம், உலகமே பயந்த ஆள், கூட்டம் சிரிக்குமோ என்று பயந்து விழுகிற பந்தை விட்டுவிட்டு விழாத பந்தைப் போடப் போனார். அதே முறையில் விடாமல் போட்ட ரிக் பாரி 100-க்குக் கிட்டத்தட்ட 90 போட்டார். அவரையும் பார்த்துச் சிரித்தார்கள்தான்.

எங்களுக்கு அந்தக் கூச்சம் ஷார்ட்ஸில் வந்தது. ஷார்ட்ஸ் மேல் பாவாடை கட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறி, காந்தி ஸ்டேடியம் வந்து பாவாடையை மடித்துப் பையில் வைப்போம். திரும்பும்போது மறுபடி பாவாடை. எங்களில் டிரிபிளில் கெட்டிக்காரி ஒருத்தி. பந்து அவள் கையில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். எங்கள் காலத்தில் பெண்களும் ஆண்களின் 7-ஆம் எண் பந்தில்தான் ஆடினோம், பெண்களுக்கென்று சின்னதான 6-ஆம் எண் பந்து பிறகுதான் வந்தது. அந்தப் பெரிய பந்தே அவளிடம் அப்படி அடங்கிக் கிடந்தது. ஒரு நாள் அவள் பெரியப்பா ஸ்டேடியம் பக்கமாக சைக்கிளில் போனவர் பார்த்துவிட்டார். அடுத்த நாளிலிருந்து அவள் வரவில்லை. கல்யாண வீடுகளில் எப்போதாவது பார்த்தால் "இன்னும் ஆடறியாடி?" என்று கேட்பாள். நான் சேலையைப் பற்றியோ சாம்பாரைப் பற்றியோ பேச்சை மாற்றிவிடுவேன்.

பெஞ்சில் உட்கார்ந்ததையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பதினொன்றாவதில் முழு வருடம் பெஞ்ச். சும்மா உட்காராதே என்று ஸ்கோர்ஷீட் எழுதக் கொடுத்தார்கள். யாருக்கு எத்தனை ஃபவுல், யார் எப்போது உள்ளே வந்தாள் என்று வரிசையாகக் கட்டம் போட்டு நிரப்புவது எனக்கு ஆடுவதைவிடப் பிடித்துப்போனது. நாலு ஃபவுல் வாங்கியவள் எப்படி ஆடுகிறாள் என்று பார்க்க வேண்டும். ஐந்தாவது வாங்கினால் வெளியே. அதனால் கோபக்காரிகள்கூட அந்தக் கடைசி நிமிடங்களில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காலால் மட்டும் தடுப்பார்கள். நான் இன்று கணக்கு எழுதிச் சாப்பிடுகிறேன் என்றால் அந்த ஸ்கோர்ஷீட்டுக்கும் அதில் பங்கு உண்டு.

கிடைக்காததையும் சொல்ல வேண்டும் அல்லவா. ஒழுக்கம் தானாக வந்துவிடாது. எனக்குத் தெரிந்த நல்ல ஆட்டக்காரர்களில் நேரத்துக்கு வராதவர்கள், வாயாடிகள், கடன் வாங்கித் தராதவர்கள் எல்லாம் உண்டு. அடிக்கிற, உடம்பைக் கிண்டல் செய்கிற கோச் கிடைத்தால் நல்லதைவிடக் கெட்டதுதான் அதிகம் ஒட்டும். அப்படி இருந்தால் யோசிக்காமல் இடத்தை மாற்றுங்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவை நம்பித் திட்டம் போடாதீர்கள். கல்லூரிச் சேர்க்கையிலும் அரசு வேலையிலும் விளையாட்டு ஒதுக்கீடு இருப்பது உண்மைதான், ஆனால் அதற்குப் பெரிய போட்டிகளின் சான்றிதழ் வேண்டும், குறுவட்டத்தோடு நிற்கிற பிள்ளைகள்தான் அதிகம். கிடைத்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் முழங்கால். மூட்டு ஜவ்வு கிழிவது பெண் பிள்ளைகளுக்கு ஆண்களைவிட அதிகம், இது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். குதித்து இறங்கும்போது முழங்கால் மடிந்து, பாதத்துக்கு நேராக இருக்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்தால் ஆபத்து. உங்கள் மகளின் கோச் இறங்கச் சொல்லித்தருகிறாரா என்று கேளுங்கள். குதிக்கச் சொல்லித்தருபவர்கள் நிறைய, இறங்கச் சொல்லித்தருபவர்கள் குறைவு. பள்ளிக்குப் போடுகிற கேன்வாஸ் ஷூவோடு சிமெண்ட் தரையில் ஆட விடாதீர்கள். ஏப்ரல், மே மாதம் நம்ம ஊர் வெயிலுக்கு ஐந்தரைக்கு முன் தரையில் கால் வைக்கவே முடியாது.

பத்தாவது பற்றி. என் எண்ணம், நிறுத்த வேண்டாம், குறையுங்கள். தினம் இரண்டு மணி நேரம் என்பது அதிகம். வாரம் நான்கு நாள், ஒரு மணி நேரம் போதும். நேரத்தைக் குறுக்கினால் ஆட்டம் கெட்டுவிடாது. 1950 நவம்பரில் என்பிஏவில் ஓர் ஆட்டம் 19-18 என்று முடிந்தது. முன்னணியில் இருந்த அணி ஷாட் போடாமல் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தலாம், தடுக்க விதி இல்லை. கூட்டம் வெறுத்துப்போனது. 1954-இல் டேனி பயசோன் என்ற அணி உரிமையாளர் சொன்ன யோசனைப்படி, பந்து கிடைத்த 24 விநாடிக்குள் ஷாட் போட்டாக வேண்டும் என்ற கடிகாரம் வந்தது. கணக்கு எளிது. என்பிஏவில் ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2,880 விநாடி. நல்ல ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து சுமார் 120 ஷாட் போடுவார்கள். வகுத்தால் 24. கடிகாரம் வந்த பிறகு ஆட்டம் உயிர்பெற்றது.

என் பத்தாவதில் மாஸ்டர் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் பேசினார். ஆறரை மணிக்குப் பிள்ளை வீட்டில் இருப்பாள், இல்லையென்றால் நீங்கள் நிறுத்திவிடலாம் என்று ஒப்பந்தம். அந்த ஒரு வருடம் நான் படித்த மாதிரி அதற்கு முன்பும் படித்ததில்லை, பின்பும் இல்லை. ஆறரைக்கு ஒரு நிமிடம் தாண்டினாலும் பந்து போய்விடும் என்ற பயம். 500-க்கு 412. கணக்கில்தான் கொஞ்சம் கையைக் கடித்தது, அந்த முதல் கணக்கு.

முடிவு எடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஒரு நாள் சொல்லாமல் கோர்ட்டுக்குப் போய், ஓரமாக உட்கார்ந்து ஒரு முழு ஆட்டம் பாருங்கள். எல்லோரும் பந்தைத்தான் பார்ப்பார்கள், நீங்கள் உங்கள் மகளை மட்டும் பாருங்கள். பந்து வேறு எங்கோ இருக்கும்போது இடுப்பில் கைவைத்து நிற்கிறாளா, இடம் மாறிக்கொண்டே இருக்கிறாளா, யாருக்காவது குரல் கொடுக்கிறாளா, பாஸ் கொடுத்தவளைத் திரும்பிப் பார்க்கிறாளா? உங்களுக்கு விதி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆட்டம் முடிந்ததும் அகோரப் பசி இருக்கும். வழியில் நிறுத்தித் தட்டுவடை செட் வாங்கிக் கொடுங்கள். அவள் தின்றுகொண்டே யார் யாருக்குப் பந்து கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்று ஒன்று விடாமல் சொல்வாள், கேட்டுக்கொண்டே வீட்டுக்கு வாருங்கள்.